அக்சஸ் பாயின்ட் தயாரிப்பாளர்களே, அந்தப் பச்சைப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?

வைஃபை அக்சஸ் பாயின்ட்டுகளை (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவிகளை) வடிவமைத்து விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கருவிகளைக் கூரையில் மாட்டுவதும், அவை மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். சில அக்சஸ் பாயின்ட்டுகளை ஒரே கிளஸ்டராக, அதாவது ஒரு தலைமைக் கருவியின் அமைப்புகளைப் பகிரும் குழுவாகச் சேர்த்து, ஊழியர்களுக்கு ஒரு வைஃபை பெயர், விருந்தினருக்கு ஒன்று, கேமராவுக்கும் பிரிண்டருக்கும் இன்னொன்று என்று வைத்திருக்கும் நடுத்தர அலுவலகங்களுக்கே அதிகம் போகிறேன். அங்கே வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "சில நேரம் வருது, சில நேரம் வரலை." உங்கள் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், எல்லாக் கருவிக்கும் நேரே பச்சைப் புள்ளி. என் வழக்கே அந்தப் புள்ளியோடுதான்.

கருவி உயிரோடு இருக்கிறது, தலைமைக் கருவியிடமிருந்து அமைப்புகளை வாங்கிக்கொண்டது. பச்சை சொல்வது இவ்வளவுதான். அந்த அமைப்புகள் அந்த இடத்தில் வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி, அதை யாரும் கேட்பதில்லை.

விருந்தினர் வைஃபை வி-லேன் 30-இல் (அதே கேபிள்களில் தனியாகப் பிரிந்து ஓடும் நெட்வொர்க், அதன் எண் 30) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கருவிகள். மூன்றாவது கருவியின் கேபிள் போகும் சுவிட்ச் போர்ட்டில் மட்டும் யாரோ 30-ஐ டேக் செய்ய, அதாவது அந்த வி-லேனை அனுமதிக்க, மறந்துவிட்டார்கள். அந்தக் கருவியின் கீழே உட்காரும் விருந்தினருக்கு சிக்னல் முழுசாக வரும், பாஸ்வேர்டும் ஏற்கப்படும். ஆனால் ஐ.பி. முகவரி கேட்கும் டி.எச்.சி.பி. கோரிக்கை சுவிட்சிலேயே செத்துவிடும். லேப்டாப் தனக்குத்தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதே கருவியில் ஊழியர் வைஃபை பிரமாதமாக ஓடுவதால் கருவி மேல் யாருக்கும் சந்தேகம் வராது. இதைவிடக் குழப்பம், பக்கத்துக் கருவியில் சரியான முகவரி வாங்கிவிட்டு நடந்து வருபவருக்கு. முகவரி அப்படியே இருக்கும், இணைப்பும் இருக்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. நாலடி தள்ளிப் போனால் திறந்துவிடும். "சில நேரம்" என்று அவர் சொல்வது உண்மையில் "சில இடம்".

இதைக் கண்டுபிடிக்க நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கருவியின் கீழும் போய், ஒவ்வொரு பெயரிலும் சேர்ந்து முகவரி வருகிறதா என்று பார்க்கிறேன். இந்த வேலையைக் கருவியே செய்யலாமே! ஒவ்வொரு வி-லேனிலும் அவ்வப்போது ஒரு டி.எச்.சி.பி. கோரிக்கை அனுப்பி, பதில் வந்ததா என்று பதிவு செய்தால் போதும். "மூன்றாவது கருவி, விருந்தினர், பதில் இல்லை" என்று ஒரு வரி. கைக்கு எட்டாத விலையில் நீங்கள் விற்கும் சில கருவிகளில் இப்படிப்பட்ட சோதனை இருக்கத்தான் செய்கிறது. சின்ன அலுவலகக் கருவிகளுக்கு ஏன் இல்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ரேடியஸ். ஊழியர் வைஃபையில் ஆளுக்கொரு பயனர்பெயர் இருந்தால், உள்நுழைவைச் சரிபார்ப்பது ரேடியஸ் சர்வர். கிளஸ்டரில் ஒரு புதுக் கருவியைச் சேர்த்ததும் சர்வர் முகவரியும் ரகசியச் சொல்லும் தானாக அதற்குப் போய்விடும். நல்ல விஷயம்தான். ஆனால் சரிபார்ப்புக் கோரிக்கை புதுக் கருவியின் சொந்த ஐ.பி.யிலிருந்து கிளம்பும், அந்த ஐ.பி. ரேடியஸ் சர்வரின் பட்டியலில் இல்லையென்றால் சர்வர் சத்தமில்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். விளைவு: புதுக் கருவியில் விருந்தினர் வைஃபை ஓடும், ஊழியர் வைஃபை ஓடாது. முந்தைய கதைக்கு நேர் தலைகீழ், நிர்வாகப் பக்கத்திலோ அதே பச்சை. புதுக் கருவி சேரும் நொடியில் "இந்த ஐ.பி.யை உங்கள் ரேடியஸ் சர்வரில் சேர்த்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி நாள் மிச்சம்.

கிளஸ்டர் இரண்டாக உடைவதையும் சொல்ல வேண்டும். ஒரே நெட்வொர்க்குக்குள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் வகைக் கருவிகளில், நிர்வாக வி-லேன் ஒரு சுவிட்சில் மாறினாலே இரு பக்கமும் தனித்தனித் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினால் மறுபக்கம் பழையதையே வைத்திருக்கும். காணாமல் போன கருவியைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடாதீர்கள். சிவப்பில் காட்டுங்கள், கடைசியாகப் பார்த்த நேரத்தோடு.

பெயர்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். எட்டு, பதினாறு என்று எத்தனை பெயர் வைக்கலாம் என்பதை அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போடுகிறீர்கள். அதற்கு ஆகும் செலவை எங்கே போடுகிறீர்கள்? ஒவ்வொரு பெயரும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை தன் பீக்கனை, அதாவது தான் இருப்பதைச் சொல்லும் அறிவிப்பை, அனுப்ப வேண்டும், அதுவும் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகங்களில் ஒன்றில். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த வேகம் வழக்கமாக 1 எம்.பி.பி.எஸ். பீக்கன் 250 பைட் என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.2 மில்லிவிநாடி. ஒரே சேனலில், ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் மூன்று கருவிகள், ஆளுக்கு ஆறு பெயர்: 18 பீக்கன், கிட்டத்தட்ட 40 மில்லிவிநாடி. யாரும் ஒரு பைட் தகவல்கூட அனுப்பாமலே சேனல் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. குறைந்தபட்ச வேகத்தை 12 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஏற்றினால் இதே கணக்கு 4 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும், பழைய 802.11பி கருவிகள் மட்டும் சேர முடியாது. இந்தக் கணக்கை உங்கள் பக்கமே போட்டுக் காட்டலாம். ஏழாவது பெயரைச் சேர்க்கப் போகிறவருக்கு அந்த இடத்திலேயே எச்சரிக்கை வர வேண்டும்.

லாக், அதாவது கருவியின் நிகழ்வுப் பதிவு பற்றிச் சுருக்கமாக. ஒரே கருவியில் ஒவ்வொரு பெயருக்கும், ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனித்தனி மேக் முகவரி (நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்). லாக்கில் அந்த எண்களை மட்டும் கொட்டினால் எது விருந்தினர், எது ஊழியர் என்று நான் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, இப்போதைய போன்கள் பெயருக்கு ஒரு மேக் என்று மாற்றிக்கொள்வதால் ஒரே போன் இரண்டு பேராகத் தெரிகிறது. வைஃபை பெயரை எழுத்திலேயே போடுங்கள். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்றும் காட்டுங்கள். ஏழு நிமிடம் பின்தங்கிய கருவியின் லாக் ஒன்றுக்கும் உதவாது.

கடைசியாக, உங்கள் உதவி மையங்கள். போன் எடுத்ததும் "ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்கிறார்கள். கிளஸ்டரில் இருந்த கருவியை ரீசெட் செய்து திரும்பச் சேர்த்தால் அதே அமைப்புகள் அதே தலைமைக் கருவியிலிருந்து மறுபடி இறங்கும். சுவிட்ச் போர்ட்டில் பிழை இருந்தால் பிழை அங்கேயே இருக்கும், லாக் மட்டும் அழிந்திருக்கும். எந்தப் பெயர், எந்தக் கருவி, எந்த வி-லேன் என்ற மூன்றையும் முதலில் கேட்கச் சொல்லுங்கள். ரீசெட் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் டெக்னீஷியன்