விளக்கீடும் சொக்கப்பனையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை தீபம் என்றாலே திருவண்ணாமலை என்று ஆகிவிட்டது. அடிமுடி தேடிய கதையும் மலையுச்சிக் கொப்பரையும் எல்லோருக்கும் தெரியும். சரி, ஆனால் வீதியில் விளக்கேற்றிக் கொண்டாடிய கார்த்திகை விழா அகநானூற்றிலேயே இருக்கிறது. சம்பந்தரும் மயிலைப் பதிகத்தில் பெண்கள் கொண்டாடும் விளக்கீட்டைப் பாடுகிறார். வாசலில் வைக்கும் அகல்தான் இதன் பழைய வேர் என்பேன்.

என் கவலையெல்லாம் சொக்கப்பனை பற்றித்தான். கோயில் முன்னே பனைமரத்தை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி, தீபாராதனை முடிந்ததும் கொளுத்துவார்கள். ஓலை படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் இருக்கிறதே! எங்கள் பகுதியில் இடமில்லை என்று இதை நிறுத்திவிட்டார்கள். தீபத் திருநாள் சிறப்புப் பக்கத்தில் சொக்கப்பனை கட்டும் முறையையும் விரிவாக எழுதுங்கள். கட்டத் தெரிந்த பெரியவர்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

– ஒரு வாசகர்