இடப்பக்கம் திரும்பி நிற்காதே, மருமகனே

அன்புள்ள மருமகனே,

சனிக்கிழமை புக்கிட் கியாரா கோல்ஃப் மைதானத்தில் நீ தொலைத்த ஏழு பந்தும் ஒரே பக்கம்தான் போயின. வலப்பக்கம். ஏழாவது பந்து மரத்தில் 'டொக்'கென்று பட்டதும் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ ஆறும்வரை நீ வாயே திறக்கவில்லை. உன் கூட்டாளிகள் முன்னால் வாத்தியார் வேலை பார்க்க வேண்டாமே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அதான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு ஹோலிலும் நீ இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நின்றாய். எப்படியும் வலப்பக்கம் வளையத்தானே போகிறது என்ற கணக்கு. நானும் பல வருடம் போட்ட கணக்குதான். எனக்குப் பழக்கிவிட்டவர், கிளப் (மட்டை) வீசும் திசையில் பந்து கிளம்பி, கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பார்க்கும் திசைக்கு வளையும் என்பார். டிராக்மேன் மாதிரி ரேடார் கருவிகள் வந்து பந்தின் பாதையை அளந்ததும் அது தலைகீழாகிவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப்பின் முகம். முகம் ஒரு பக்கம் பார்க்க, கிளப் இன்னொரு பக்கம் போனால் வளைவு. நீ இடப்பக்கம் திரும்பினால் கிளப்பும் இடப்பக்கம் இழுக்கிறது, முகம் மட்டும் குழியில் நிற்கும் கொடியையே பார்க்கிறது. இடைவெளி கூடக் கூட ஸ்லைஸும், அதாவது அந்த வலப்பக்க வளைவும், கூடுகிறது.

முதலில் பிடியை மாற்று. கிளப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, இரண்டரை விரல் முட்டி தெரிய வேண்டும். உனக்கு ஒன்றுதான் தெரிந்தது. கட்டைவிரல் நட்டநடுவில் வேண்டாம், சற்றே வலப்பக்கம் வை. முதல் அரை மணி நேரம் யாருடைய கையையோ கடன் வாங்கிய மாதிரி இருக்கும். பந்து இடப்பக்கம் பாயும், பாயட்டும். இன்னொன்று, கோலாலம்பூர் புழுக்கத்தில் கையுறை நனைந்ததும் கிளப்பின் கழுத்தை நெரிக்கிறாய். மணிக்கட்டு இறுகிவிட்டால் கிளப்பின் முகம் எப்படி இடப்பக்கம் மூடும்? பையில் காய்ந்த கையுறை ஒன்று வைத்துக்கொள்.

பந்து இடது குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்கட்டும். அதற்கும் முன்னால் வைத்தால் தோள் தானாக இடப்பக்கம் திறந்துகொள்ளும்.

அப்புறம், அத்தையின் பவுடரை டிரைவரின், அதாவது தூரம் அடிக்கும் அந்தப் பெரிய கிளப்பின், முகத்தில் லேசாகத் தடவி அடித்துப் பார். (கேட்டுவிட்டு எடு.) பந்தின் தடம் குதிகால் பக்கம், அதாவது தண்டுக்கு அருகே விழுந்தால், அந்த அடியே ஸ்லைஸை இன்னும் கூட்டும்.

புது டிரைவருக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழிக்காதே. உன்னுடையதிலேயே முகத்தின் சாய்வை மாற்றும் திருகு இருக்கிறது, 9 டிகிரியை 10.5 ஆக்கு. சாய்வு கூடினால் வளைவு குறையும். சாய்வு அதிகமுள்ள 7 அயர்ன் கிளப்பில் உனக்கு இவ்வளவு வளையாததும் அதனால்தான்.

வியாழன் சாயங்காலம் மழை வராவிட்டால் ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) வா. பந்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பின்னால், டிரைவர் உறையை வைக்கிறேன். கிளப்பை வெளியிலிருந்து உன் பக்கம் உள்ளே வெட்டினால் உறை பறக்கும். பழைய உறைதான், கவலைப்படாதே.

அன்புடன்,
மாமா