வாடைக்கு முன் வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்று தொடங்கப் போகிறது. வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் படகுகளைக் கரையேற்றித் திருத்தும் காலம் இது. நான் பைபர் வேலை செய்கிறவன். என்னிடம் வருகிறவர்கள் இயந்திரம், விசிறி, பெயின்ட் எல்லாம் பற்றிக் கேட்கிறார்கள். மேல்தட்டில் ஏறும் தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற ஓட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெயின்ட் அடிக்கும்போது அவற்றின் மேலேயே பிரஷ்ஷை இழுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஓட்டைகளைத் தயவுசெய்து அடைக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடைப்பதற்குச் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். ஐஸ், டீசல், வலை, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றியதும் படகு தாழ்ந்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகவே கடல் உள்ளே வருகிறது. தட்டில் படுக்கிற பொடியன்களின் பாய் நனைகிறது, சின்ன மீன் நழுவிப் போகிறது. உடனே பழைய சாரத்துண்டு, செருப்புத்துண்டு, ரெஜிபோம் என்று கையில் கிடைத்ததைத் திணிக்கிறார்கள். படகு சும்மா நிற்கும்போதே ஓட்டையால் கடல் உள்ளே வருகிறதென்றால் பாரம் கூடிப்போயிற்று என்று அர்த்தம். பாரத்தை இறக்குங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி நீளம், 7 அடி அகலமுள்ள தட்டில் அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 35 கன அடி. கடல் தண்ணீரில் அது ஏறத்தாழ ஒரு தொன். ஒரு தொன் மீனைப் பெட்டியில் அடுக்கினால் வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் அப்படி இருக்காது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கி நடப்பது மாதிரித்தான். படகு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே முழுப் பாரமும் ஓடிப்போய் இன்னும் சரிக்கும். நிமிர்வதற்குள் அடுத்த அலை தட்டில் ஏறிவிடும்.

ஓட்டையின் அளவும் முக்கியம். ஒரு அங்குல ஓட்டை ஒன்பது போட்டாலும் மூன்று அங்குல ஓட்டை ஒன்றுக்குத்தான் சமம். அந்தச் சின்ன ஓட்டைகள்தான் முதலில் அடைபடும். சூரை பிடிக்கிற படகில் செதிள் தொல்லை குறைவு. சாளையும் கீரியும் அள்ளுகிற படகில் செதிள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் காய்ந்து அட்டையாகிவிடும். அதில் தங்கூசி என்கிற நைலோன் நூல் துண்டு சிக்கினால் விரலால் பிடுங்கவே முடியாது.

போன மாதம் ஒரு படகுக்காரத் தம்பி வந்தார். “அண்ணன், அடியில தண்ணி நிக்குது, பம்புதான் சரியில்ல போல” என்றார். பம்பை இரண்டு தடவை மாற்றிவிட்டாராம். தட்டிலிருந்து பக்கச்சுவருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வளைவில் செதிளும் நூலும் ஒரு சிகரெட் பஞ்சும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. அடைப்பை எடுக்க யாரோ மேலிருந்து இரும்புக் கம்பியால் குத்தியிருக்கிறார்கள். குழாய் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. தட்டைக் கழுவுகிற ஒவ்வொரு வாளியும் படகின் வயிற்றுக்குள்தான் இறங்கியிருக்கிறது. புதுக் குழாய் போட்டு, இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத கிளிப் இரண்டிரண்டாக இறுக்கிக் கொடுத்தேன். பம்பில் ஒரு பழுதும் இல்லை.

கம்பி வேண்டாம். வெளிப்பக்கமிருந்து ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்தால் அடைப்பு வந்த வழியே திரும்பி வெளியே வரும். அப்புறம் தட்டில் ஐந்தாறு வாளி ஊற்றுங்கள். ஒருவர் மேலே நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கட்டும், இன்னொருவர் டோர்ச்சுடன் உள்ளே இறங்கிக் குழாயின் மூட்டுகளைப் பார்க்கட்டும். திருத்தத் திருத்தப் பைபர் பூசிப் பூசி ஓட்டையின் விளிம்பு தட்டை விட உயர்ந்துபோன படகுகள் நிறைய உண்டு. அந்த மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்கும். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள், ‘தொம்’ என்று செத்த சத்தம் வந்தால் பைபருக்கு உள்ளே இருக்கும் பலகை நனைந்துவிட்டது. கடல் தண்ணீரை விட மழைத்தண்ணீர்தான் பலகையைச் சீக்கிரம் உக்கவைக்கும். விளிம்பைச் செதுக்கித் தட்டோடு மட்டமாக்கி, வெட்டுவாயில் ரெசின் பூசி மூட வேண்டும். இந்த வேலையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அலை உள்ளே அடிப்பதைக் குறைக்க வழி இருக்கிறது. லொறி டியூப் ரப்பரை நாக்கு மாதிரி வெட்டி, ஓட்டையின் மேல்விளிம்பில் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டால் போதும். தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், அலை அடித்தால் மூடும். அதற்கு பெயின்ட் அடிக்கக்கூடாது. வெயிலில் ரப்பர் விறைத்துப்போகும், ஆகவே கரையேற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுங்கள்.

கல்லடி, நாவலடிக் கரையில் கிடக்கும் சின்னப் பைபர் படகுகளுக்கு மேல்தட்டு இல்லை. சரி, ஆனால் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டையும் அதை மூடும் தக்கையும் உண்டு. கரையில் மழையில் கிடக்கும்போது தக்கையைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மழை நிரம்பி அந்தப் பாரமே அடியை வெடிக்க வைக்கும். கழற்றிய தக்கையை இயந்திரத்தின் கைப்பிடியில் கயிற்றால் கட்டிவிட்டால், அதைத் தொடாமல் இயந்திரத்தை இயக்க முடியாது.

மட்டக்களப்பு, அம்பாறை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். இறங்குதுறையில் அறுந்த வலைத்துண்டும் தங்கூசியும் போட ஒரு பீப்பாய் வையுங்கள். தட்டில் விட்டால் அது ஓட்டைக்குத்தான் போகிறது. கடற்றொழில் திணைக்களப் பரிசோதகர்கள் படகு பார்க்க வரும்போது தட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பெரிய உதவி. அதற்குக் கருவி தேவையில்லை, நேரமும் ஆகாது.

கல்முனை, சாய்ந்தமருது, ஒலுவில் பக்கத்துப் படகுக்காரர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கடல் கொந்தளிக்கத் தொடங்கும் முன், படகுகள் கரையில் இருக்கும் இந்த நாட்களிலேயே இதைப் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பைபர் படகு திருத்துபவர்,
வாழைச்சேனை