எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் யார் காவல்? மன்னார்குடி நண்பருக்கு ஒரு கடிதம்

கஞ்சிக்கோடு,
பாலக்காடு மாவட்டம்.

அன்புள்ள சேதுராமனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமலே வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கு அனைவரும் நலம். பேத்தி பள்ளியில் தமிழை முதல் மொழியாக எடுத்துப் படிக்கிறாள். விக்டோரியா கல்லூரியில் நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருடைய பேரப்பிள்ளைகளுக்கு இது வாய்க்கவில்லை என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்று நாம் எழுதவிருக்கும் மனுவைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "மனு எழுதுவது இருக்கட்டும், அதை யாருக்கு எழுதுவது?" என்று கேட்டிருந்தாய். எங்கள் ஊர்க் குழுவும் இந்தக் கேள்வியில்தான் பல மாதங்கள் தடுமாறியது.

கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் குழாய் வழியே எரிபொருள் போக வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத்தான் கடந்தாக வேண்டும். கரூருக்குச் செல்லும் பெட்ரோலியப் பொருள் குழாய், சேலத்தை நோக்கிய சமையல் எரிவாயுக் குழாய், கூற்றநாட்டிலிருந்து வாளையாற்றுக்கு வரும் இயற்கை எரிவாயுக் குழாய் ஆகியவை இந்த மாவட்டத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் அடியில்தான் செல்கின்றன. சென்ற கோடையில் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி, அவற்றில் ஒன்றின் தடத்துக்கு மேலேயே வாளியை இறக்கியது. ஓட்டியவர் தருமபுரிக்காரர், மலையாளம் தெரியாது. எச்சரிக்கைப் பலகை மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதுவும் கம்பத்தோடு சாய்ந்து உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் உரிந்துபோயிருந்தன. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, கீழே கேஸ் லைன் போகுது, தோண்டாதே" என்று ஓடிவந்து கத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. மறுநாள் வந்த லைன் வாக்கர் (குழாய்த் தடத்தை நடந்து பார்வையிடுபவர்), தான் ஒப்பந்த ஊழியர் என்றும், சொல்ல வேண்டியதை மேலே சொல்லிவிடுவதாகவும் கூறிவிட்டுப் போனார். நாங்கள் விசாரித்த இடங்களில் ஒன்றில்கூடக் குழாய் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் இல்லை. ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது.

ஆந்திரத்தில் கோனசீமாவின் நகரம் என்ற ஊரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில், ஒன்றிய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயிலிருந்து கசிந்த வாயு ஊரெங்கும் பரவித் தீப்பிடித்து, 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரமற்ற வாயுவுக்காக வடிவமைத்த குழாயில் ஈரப்பதமுள்ள வாயுவை அனுப்பியதும், அதனால் குழாய் உள்ளிருந்தே அரித்துப்போனதும் விசாரணையில் வெளிவந்தன. கசிவைப் பற்றி முன்பே சொல்லியிருந்ததாக ஊர் மக்கள் கூறினார்கள். அந்த அரிப்பு ஒரே நாளில் வந்ததன்று. உள்ளே என்ன ஓடுகிறது என்பது குழாயை இயக்கியவர்களுக்குத் தெரியும். அதை அவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க, அவர்களைச் சாராத ஒருவர் இல்லை. நம் மனுவின் மையம் இதுதான் என்பது என் கருத்து.

இப்போது இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. குழாய்வழிப் போக்குவரத்தும் சேமிப்பும் விநியோகமும், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வருகின்றன. ஆனால் அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு உற்பத்தியைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே, எங்கள் ஊர்க் குழாயைப் பற்றி அந்த வாரியத்திடம் முறையிடலாம்; உங்கள் ஊர் எண்ணெய்க் கிணற்றைப் பற்றி முறையிட முடியாது. கிணறுகளுக்கு 1993இல் தொடங்கிய ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம் இருக்கிறது. நிலத்திலுள்ள கிணறுகளில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பைத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் பார்க்கிறது. வெடிபொருள் உரிமங்கள் நாக்பூரிலிருந்து வருகின்றன. நீருக்கும் காற்றுக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். இவை போதாவென்று, 1986இல் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் ஏற்படுத்திய எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் ஒன்றும் உண்டு. இத்தனை அலுவலகங்கள் இருந்தும் எங்கள் புதருக்குள் கிடந்த பலகையை யாரும் நிமிர்த்தவில்லை.

அலுவலகங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் அமைப்பே என்னை வருத்துகிறது. புதிய பகுதிகளை ஏலத்துக்குக் கொண்டுவந்து, முதலீட்டாளர்களை அழைத்து, உற்பத்தியைப் பெருக்கப் பாடுபடும் ஹைட்ரோகார்பன் இயக்ககமே அந்த உற்பத்தி எப்படி நடக்கிறது என்பதையும் கண்காணிக்கிறது. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்துக்கு வழிகாட்டும் குழுவின் தலைவர் பெட்ரோலியத் துறைச் செயலாளர். உறுப்பினர்களில் எண்ணெய் நிறுவனங்களின் தலைவர்களும் இருக்கிறார்கள். இரண்டு இயக்ககங்களிலும் அலுவலர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களிலிருந்து அயற்பணியாக வந்து, சில ஆண்டுகளில் அதே நிறுவனங்களுக்குத் திரும்பிப் போகிறவர்கள். அவர்களுடைய நேர்மையை நான் ஐயப்படவில்லை. திறமையான பொறியாளர்கள் பலர் அங்கு இருக்கிறார்கள். ஆனால் நாளை யாருக்குக் கீழ் வேலை செய்யப் போகிறோமோ அவர்மீது இன்று குற்ற அறிக்கை எழுதும் நிலையில் எந்த மனிதரையும் வைக்கக் கூடாது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் டெல்டாவின் மீத்தேன் திட்டத்துக்கு எதிராகக் கிராமம் கிராமமாக நடந்து, 2013 டிசம்பரில் அந்தப் பயணத்தின் நடுவிலேயே மறைந்தபோது நீ அவரோடு போனவன். நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களில் நீ போய் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியும். அதனால்தான், "தடைச் சட்டம் வந்துவிட்டது, இனிக் கண்காணிப்பைச் சீர்திருத்துவது எதற்கு? அது திட்டங்களுக்கு நாமே இடம் கொடுப்பதாகிவிடாதா?" என்ற உன் வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனாலும் உடன்பட முடியவில்லை. 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. உங்கள் வட்டாரத்தில் பல்லாண்டுகளாக இயங்கும் கிணறுகளும், வயலுக்கு அடியில் கிடக்கும் பழைய குழாய்களும் அப்படியேதான் இருக்கின்றன. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் கசிந்தது புதிய திட்டம் அன்று, பழைய குழாய். தடை நாளைய ஆபத்தைத் தடுக்கிறது. இன்றுள்ள ஆபத்துக்கு நல்ல காவல்தான் வழி. ஒன்றைக் கேட்பதால் மற்றொன்றை விட்டுக்கொடுப்பதாகாது.

அதே 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாக்கியது. அதற்கு நான்கே மாதங்கள் கழித்து, மே 27 அன்று, அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு கட்டுமீறி வெடித்து வாயுவைக் கக்கத் தொடங்கியது. ஜூன் 9இல் அது தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். அடக்கி முடித்தது நவம்பர் 15இல். பக்கத்திலிருந்த மகுரி சதுப்பு ஏரியை நம்பி வாழ்ந்த மீனவர்கள் முகாம்களில் கிடந்தார்கள். ஆந்திரத்தின் பாசர்லபூடிக் கிணறு 1995இல் 65 நாட்கள் எரிந்ததைக் கண்ட ஒரு நாடு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிலையில் நின்றது என்பதை நினைத்தால் என் மனம் ஆறவில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று எங்கள் குழுவுக்கு மிகவும் உதவியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எண்ணெய், எரிவாயு ஆணையத்துக்குச் சட்டம் கொடுத்திருந்த வேலையே அந்தத் தொழிலை வளர்ப்பதுதான். 2017 ஏப்ரலில் ஃபயர்ஸ்டோன் என்ற ஊரில், பயன்பாட்டில் இல்லாததாகக் கருதிய குழாயிலிருந்து கசிந்த வாயு ஒரு வீட்டுக்குள் புகுந்து வெடித்து இருவர் இறந்தனர். வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் இடையே 2,500 அடி தூரம் வேண்டும் என்று மக்கள் கையெழுத்துத் திரட்டி 2018 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள், தோற்றார்கள். ஆனால் ஓயவில்லை. 2019 ஏப்ரலில் சட்டமன்றம் ஆணையத்தின் நோக்கத்தையே மாற்றி, மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தியது. பகுதிநேர உறுப்பினர்களுக்குப் பதிலாக முழுநேர ஆணையர்களை வைத்தது. அந்தப் புதிய ஆணையமே 2020இல் 2,000 அடி விதியைக் கொண்டுவந்தது. அங்கும் விலக்குகள் உண்டு, வழக்குகள் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தூரத்தை முதலில் கேட்டபோது கிடைக்காதது, காவலரை மாற்றிய பிறகு கிடைத்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் சட்டத்தைத் திருத்தத்தான் செய்கிறார்கள். 1948ஆம் ஆண்டு எண்ணெய்வயல் சட்டத்தை 2025இல் திருத்தி, ஆறு மாதச் சிறையையும் ஆயிரம் ரூபாய் அபராதத்தையும் எடுத்துவிட்டு, 25 லட்சம் ரூபாய் வரை தண்டம் வைத்திருக்கிறார்கள். தொகை கூடியதை வரவேற்கிறேன். ஆனால் அதை விதிப்பவரும் ஒன்றிய அரசு நியமிக்கும் அதிகாரியே.

இழப்பீட்டை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று எங்கள் குழுவிலும் சிலர் சொன்னார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுத்துக்கொள்ளும் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடுதான் கிடைக்கும். அந்தப் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ஆட்சேபத்துக்கு 21 நாட்கள். கெயில் குழாயை எதிர்த்த கொங்கு விவசாயிகளுக்காகத் தமிழ்நாடு அரசே வழக்காடியும் 2016இல் உச்ச நீதிமன்றத்தில் வெல்ல முடியவில்லை. அதை இரண்டாவதாக வைத்திருக்கிறோம். பணத்தை முன்னால் வைத்தால் பேச்சு பணத்தோடு முடிந்துவிடும்.

மனுவில் நாங்கள் முதலில் கேட்பது, அமைச்சகத்தைச் சாராமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஒரே பாதுகாப்பு ஆணையம். கிணறும் குழாயும் அதன் கீழ் வர வேண்டும். அதற்குச் சொந்த ஆய்வாளர்கள் வேண்டும். ஆய்வு அறிக்கைகளையும் விபத்து அறிக்கைகளையும் அந்தந்த ஊர் மொழிகளில் வெளியிட வேண்டும். குழாய் வழி வரைபடமும் அவசரகாலத் திட்டமும் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற எல்லை ஊர்களில் தமிழும் சேர வேண்டும். எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதலாம் என்று அரசமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் மனுவைத் தமிழிலேயே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்கிறோம். எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், மனு மக்களவையின் மனுக்கள் குழுவுக்குப் போகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு பற்றிய பகுதியை மட்டும் தனியே பிரித்து இரு மாநில அரசுகளுக்கும் அனுப்புகிறோம்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் வட்டத்தில் இயங்கும் கிணறுகள் எவை, மூடியவை எவை, கடைசியாக யார் எப்போது ஆய்வு செய்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பம் போடு. பதில் வராவிட்டால் அதையும் மனுவில் சேர்ப்போம். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். டெல்டா பற்றிய மூன்றாம் பக்கத்தை உன் கையாலேயே திருத்தி எழுது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன். நாள் குறித்து எழுது. கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயில் பிடித்து வந்துவிடுகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்