பாட்டிமார்களின் பெயரையும் கல்லில் பொறியுங்கள்

தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்களையும் கோயில் சபைகளையும் நடத்திவரும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

டர்பனில் நான் வளர்ந்த குடியிருப்பின் கோயில் மண்டப வாசலில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறது. மண்டபம் எழுப்பப் பாடுபட்டவர்களின் பெயர்களைத் தாங்கிய கல் அது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறி இறங்கி, கிடைத்த சில்லறையை முந்தானையில் முடிந்துவந்து, இரவில் அடுக்களை மேசையில் கொட்டி எண்ணிய என் ஆயாவும் அதில் இருக்கிறார். ஆனால் தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்ற ஒரு சொல்லாக மட்டுமே இருக்கிறார். சென்ற ஆண்டு என் மகள் அந்த வரிகளை விரலால் தடவிப் படித்துவிட்டு, ஆயாவின் பெயர் எங்கே என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்ற கருத்தை 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கியபோது, டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, அனுமதிச் சீட்டில்லாமல் மாகாண எல்லை கடந்து நேட்டாலுக்குள் வந்தார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தமிழ்ப் பெண்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர்கள் பேசிய பிறகே அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. அது கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. கடுங்காவலுடன் மூன்று மாதச் சிறையை அவர்கள் ஏற்றார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் இங்கேயே தங்கிய கூலித் தொழிலாளர்களிடம், 13 வயதுப் பெண்பிள்ளையிடமிருந்துகூட, கேட்கப்பட்ட மூன்று பவுன் வரி 1914இல் ஒழிந்ததற்கும், நம் திருமணங்கள் சட்டப்படி ஏற்கப்பட்டதற்கும் அந்தச் சிறைவாசம் ஒரு பெருங்காரணம்.

அந்த 11 பேரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திருமதி தம்பி நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி முருகேசப் பிள்ளை என்றே அது நீள்கிறது. மீனாட்சி முதலிய பெயர்கள் தெரிவதற்குக் காரணம் அவர்களுக்கு அப்போது மணமாகவில்லை என்பதே. பதினாறு வயதில், சிறையில் பிடித்த காய்ச்சல் தீராமலே, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் பெயர் சொல்லிக் கொண்டாடுவதற்கும் இது ஒரு காரணமோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடுவின் மனைவியான அந்தத் ‘திருமதி தம்பி நாயுடு’வின் பெயர் வீரம்மாள். அவருடைய மருமகள் மனோன்மணி, இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து நடந்த 1946 சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றார். பேத்தி சாந்தி நிறவெறி ஆட்சியில் 1969இல் கைதாகி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து, 371 நாள் காவலில் இருந்தார். மூன்று தலைமுறைப் பெண்கள் சுமந்ததை ஓர் ஆணின் பெயருக்குக் கீழ் மட்டும் எழுதி வைப்பது எப்படி முழு வரலாறாகும்?

திருமண உரிமைக்காகச் சிறை சென்றவர்களுக்குக் கணவர் பெயரே பெருமையல்லவா என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. கணவர் பெயர் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் 1860 நவம்பர் 16 அன்று முதல் கப்பலான ட்ரூரோ டர்பனை அடைந்தது முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,000க்கும் மேற்பட்டோரைப் பதிந்த பதிவேடுகளைப் பார்த்தால், எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று பெண்ணுக்கும் தனி வரி இருக்கிறது. ஆணுக்குக் கொடுத்ததில் பாதியைப் பெண்ணுக்குக் கூலியாகக் கொடுத்தவர்கள்கூட அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். நாம் எழுதவில்லை.

ஆகவே, இனிப் பதிக்கும் கல்லிலும் அச்சிடும் மலரிலும் பெண்களை அவரவர் பெயரால் குறிக்க ஒவ்வொரு சபையும் தீர்மானம் போட வேண்டுகிறேன். பழைய கற்களைப் பெயர்க்க வேண்டாம். பக்கத்தில் சிறு பலகை போதும். பெயர்களைத் திரட்டும் பணியை இந்த ஆகஸ்ட் 9 மகளிர் நாளிலேயே தொடங்கலாம். எண்பது கடந்த மூதாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கூழ் வார்க்கும் நாளில் அடுப்படியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே பாதிப் பெயர்கள் கிடைத்துவிடும்.

எங்கள் மண்டபத்துக் கல்லின் வலப்பக்கம் ஒரு சாண் சுவர் காலியாக உள்ளது. எழுத்து வெட்டும் கூலியை எங்கள் குடும்பமே தரும். சபையின் ஒப்புதல் மட்டும் கிடைத்தால் போதும்.

பணிவுடன்,
டர்பனிலிருந்து ஒரு பேத்தி