உடம்பே கஞ்சா தயாரிக்கிறதாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம் கடற்கரையில் கஞ்சா மூட்டை பிடிபட்டது என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை கிலோ, எந்தப் படகு, அத்தோடு சரி.

போன வாரம் பாம்பன் டீக்கடையில் அப்படியொரு செய்தியைப் படித்த என் அக்கா மகன், "மாமா, நம்ம உடம்பே கஞ்சா தயாரிக்குது, அதுக்குப் பேரே ஆனந்தம்தான்" என்று போனை நீட்டினான். பாதி உண்மை, அதுதான் தொந்தரவே. 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெஷூலம் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பன்றி மூளையிலிருந்து, கஞ்சா மாதிரியே வேலை செய்யும் ஒரு பொருளைப் பிரித்து, சமஸ்கிருத ஆனந்தத்தை வைத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். 1995-இல் 2-ஏஜி என்று அதே மாதிரி இன்னொன்றும் தெரியவந்தது.

விசைப்படகில் வலை இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள், கயிறு சுற்றும் வின்ச்சில் ஒருவர் நிற்பார், பின்னால் கயிற்றைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர், கயிறு விறைத்தால் அவர் கையைக் காட்ட, இவர் வேகத்தைக் குறைப்பார். மூளையிலும் ஏறக்குறைய அப்படித்தான். சேதி வாங்கும் நரம்பணு, வரத்து அதிகமானால் தன் மேலுறையின் கொழுப்பிலிருந்தே இந்தப் பொருளை அப்போதைக்கு அப்போது செய்து, சேதி அனுப்பும் அணுவில் உள்ள சிபி1 என்ற ஏற்பிக்கு, அதாவது அந்தப் பொருள் வந்து பொருந்தும் இடத்துக்கு, திருப்பி அனுப்பும்: "போதும், குறை." வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். பசி, வலி, பயம், ஞாபகம் எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. ஆனால் கயிறு விறைத்ததா இல்லையா என்று பார்க்காமல், துறைமுகத்தில் நிற்கிற அத்தனை படகுக்கும் ஒலிபெருக்கியில் மணிக்கணக்காக "போதும், போதும்" என்று கத்தினால் எப்படி இருக்கும்? தினமும் புகைப்பவர்கள் மூளையில் இந்த ஏற்பிகளே குறைந்துபோகின்றன. விட்டுவிட்டால் சில வாரங்களில் திரும்புகின்றன என்பது ஒரு நல்ல சேதி.

படகின் அடியில் சிப்பியோடு சிப்பியாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சுமே பை மாதிரி ஒன்று, அந்த வகை உயிரி ஒன்றிலும் இதே குடும்பத்து ஏற்பியைக் கண்டிருக்கிறார்கள். "அதுவும் கஞ்சா குடிக்குதாடா?" என்று கேட்டேன். பயல் பதில் சொல்லவில்லை, டீக்காசை மட்டும் கொடுத்தான்.

அடுத்த முறை மூட்டை பிடிபடும்போது, படத்துக்குக் கீழே இதையும் நாலு வரி போடுங்களேன்.

ஒரு வாசகர்,
பாம்பன்