பயணப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது, எங்கே தங்கலாம், எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்கள். ஆனால் 'சூழல் சுற்றுலா' என்று வரும் கட்டுரைகளில் ஒரே ஒரு விஷயம் எப்போதும் விடுபட்டுப் போகிறது. நாம் அங்கே செலவழிக்கிற பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?

காட்டோரம் நாலு குடில் போட்டு, ஓலை வேய்ந்து, குளியலறையில் 'தண்ணீரைச் சேமிப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டால் போதும், சூழல் விடுதி ரெடி. ஜன்னலைத் திறந்தால் நீச்சல் குளம், அதைச் சுற்றி இரண்டு வேளையும் தண்ணீர் பாய்ச்சுகிற புல்தரை. பக்கத்து ஊர்க்காரர்கள் குடிப்பதும் அதே நிலத்தடி நீர்தான். முதலாளி வெளியூர், மேனேஜர் வெளியூர், காய்கறிகூட வெளியிலிருந்து வேனில் வந்து இறங்குகிறது, ஆன்லைன் புக்கிங் தளம் தன் கமிஷனை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது கூட்டிப் பெருக்குகிற வேலையும் வாசல் காவலும்தான், அதுவும் சீசன் இருக்கிற வரைக்கும்.

1990-ல் தொடங்கிய சர்வதேச சூழல் சுற்றுலா சங்கம் கொடுத்த விளக்கத்திலேயே, இயற்கையைக் காப்பதோடு உள்ளூர் மக்களின் வாழ்வும் மேம்பட வேண்டும் என்று இருக்கிறது. விளம்பரம் செய்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. நமீபியாவில் 1996-ல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் மக்கள் தாங்களே சேர்ந்து காப்பகம் அமைக்கலாம், அங்குள்ள வனவிலங்குகளாலும் சுற்றுலாவாலும் வரும் வருமானம் அவர்களுக்கே என்று உரிமை கொடுத்தார்கள். விடுதி நடத்த வருகிற கம்பெனி அந்த மக்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது. வயலை யானை மிதித்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதே யானையைப் பார்க்க வருகிறவர்களால் ஊருக்கு நாலு காசு வருகிறது என்றால்தான் அதை விட்டுவைக்க ஒரு காரணம் இருக்கும்.

ருவாண்டாவில் கொரில்லா பார்க்க வருகிறவர்களால் கிடைக்கும் பூங்கா வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், குடிநீர் என்று. 2005-ல் 5 சதவீதமாகத் தொடங்கி 2017-ல் 10 சதவீதம் ஆக்கினார்கள். பத்து போதுமா என்றால் எனக்குப் போதாது என்றுதான் படுகிறது, ஆனால் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால்தானே போதாது என்று நாம் பேசவாவது முடிகிறது? நம் கட்டுரைகளில் வரும் பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது என்றே யாருக்கும் தெரியாது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை, படகுகளின் நங்கூரமும் கூட்டமும் பவளப்பாறைகளை நாசமாக்கிவிட்டதால், 2018-ல் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும்.

உள்ளூர்க்காரர் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஊரில் செல்வாக்கான ஒரே குடும்பம் மொத்தத்தையும் சுருட்டிக்கொள்வதும் உண்டு. அப்புறம், நம் பக்கமும் தப்பு இருக்கிறது. விடுதியில் கேட்ட வாடகையைப் பேசாமல் கட்டிவிட்டு, வெயிலில் கூடவே நடந்து வந்து பறவையெல்லாம் காட்டிய வழிகாட்டியிடம் போய் பேரம் பேசுகிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு இடத்தைப் பரிந்துரைக்கும்போது, விடுதி யாருடையது, வழிகாட்டிகள் எந்த ஊர்க்காரர்கள், நுழைவுக் கட்டணத்தில் ஊருக்குப் பங்கு உண்டா, உள்ளூர் ஆட்களிடம் நேரடியாகவே பதிவு செய்ய முடியுமா என்று கட்டுரைக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள். கேட்டும் பதில் வரவில்லை என்றால், 'பதில் இல்லை' என்றே அச்சிடலாம், அதுவே எங்களுக்குப் போதும். கட்டுரை எழுதியவர் விடுதியின் செலவில் தங்கிவிட்டு வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்